மாடியறையை அடைத்துக்கொண்ட யந்திரம்

மாடியறையை மகளுக்கும் பேரனுக்கும் ஒழித்துத் தரவேண்டும் என்று நான் சொன்னதிலிருந்து என் வீட்டுக்காரர் என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. அந்த அறை முழுக்க ஒரு யந்திரம். இரண்டு இருக்கை, இரண்டு ஜோடி பெடல், இருபுறமும் துணி போர்த்திய பெரிய சிறகு. எவனோ ரிப்பேருக்கு என்று இவர் கடையில் விட்டுவிட்டுப் போனான், போனவன் போனவன்தான். கடையில் இடமில்லை என்று இவர் மாடி ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து, கயிறு கட்டி மேலே ஏற்றினார். ஜன்னல் இருந்த இடத்தில் இன்றைக்கும் தார்ப்பாய்தான் தொங்குகிறது.

ரிப்பேருக்கு வரும் சாமான் ஒவ்வொன்றிலும் அது என்னவென்று எழுதிச் சீட்டுக் கட்டுவது அவர் வழக்கம். சீட்டு இல்லாததைப் பிரிக்கவும் மாட்டார், எறியவும் விடமாட்டார். என்னவென்றே தெரியாததை எப்படித் தூக்கிப் போடுவது என்று நியாயம் பேசுவார். தெருவில் பாதிப்பேர் அவரை மரை கழண்ட ஆள் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். மீதிப்பேர் நேரிலேயே சொல்வார்கள்.

இந்தச் சீட்டுதான் எங்கள் குடும்பத்தையே பிரித்தது. வீட்டைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று மகள் ஒருநாள், சீட்டில்லாத சாமான் ஒரு டின் நிறைய இருந்ததைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டாள். இவர் கத்தினார், அவள் பதிலுக்குக் கத்தினாள். அன்றோடு பேச்சு நின்றது. அவள் கல்யாணமாகிப் போன பிறகும் இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி. ஃபோன் வந்தால் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "சாப்பிட்டாளான்னு கேளு" என்பார். "சாப்பிட்டேன்னு சொல்லு" என்பாள் அவள். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும்.

இப்போது கைக்குழந்தையோடு தங்க வருகிறேன் என்கிறாள். தனியாக ஓர் அறை இல்லையென்றால் வந்த வண்டியிலேயே திரும்பிவிடுவாளாம். சொன்னால் செய்கிறவள், அப்பா ரத்தம் அப்படி. இந்த முறை திரும்பிப் போனால் அப்புறம் வரவே மாட்டாள்.

யந்திரம் இன்னதென்று தெரிந்து சீட்டுக் கட்டிவிட்டால் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டார். உடனே தெருவே மாடியேறி வந்தது. எதிர்வீட்டு வாத்தியார் பஞ்சு அடிக்கிற யந்திரம் என்றார். டாக்டர் அது முட்டிவலிக்கு வைத்தியம் என்றார். தையல்காரர் சுற்றிச் சுற்றி வந்து, குடும்பத்தோடு பிடிக்கிற குடை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

மகள் வருகிற அன்றைக்குத்தான் அருங்காட்சியக அதிகாரி வந்தார். சிறகை முகர்ந்து பார்த்துவிட்டு, மிதித்துப் பறக்கிற யந்திரம், ரொம்பப் பழசு என்றார். ஆனால் பறந்தால்தான் அப்படி எழுதிக் கையெழுத்துப் போடமுடியுமாம். அவரே ஏறி மிதிக்கலாமே என்றேன். அடையாளம் தெரியாத பொருளின்மேல் அதிகாரி உட்காரக்கூடாது என்பது விதியாம். சரியென்று நானும் வீட்டுக்காரருமே ஏறினோம். அவர் முன்னால் மிதித்தார், நான் பின்னால் மிதித்தேன். எங்கள் குடும்ப வாழ்க்கையில் அது ஒன்றும் புதிதில்லை. யந்திரம் லேசாக முனகியதோடு சரி.

அந்த நேரம் பார்த்து மகள் வந்து நின்றாள். தோளில் குழந்தை, கையில் பெட்டி. அறையை ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னும் காலி பண்ணலையாம்மா? நான் கிளம்புறேன்."

எனக்கு வந்ததே கோபம். பெட்டியைப் பிடுங்கிக் கீழே வைத்தேன்.

"ரெண்டு பேரும் ஏறுங்க. இது பறக்குதா இல்லையான்னு இப்பவே தெரிஞ்சாகணும். இல்லேன்னா நான் வீட்டை விட்டுப் போறேன். அப்புறம் யார் வழியாப் பேசிக்கிறீங்கன்னு பார்க்கிறேன்."

இரண்டு பேருக்கும் முகம் வெளுத்துவிட்டது. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் பின்னால் ஏறினாள், அவர் முன்னால் உட்கார்ந்தார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"அவளை மெதுவா மிதிக்கச் சொல்லு."

"அவரை முதல்ல பிரேக்கை விடச் சொல்லும்மா."

விட்டார். இரண்டும் ஒரே பிடிவாதம், ஒரே வேகம். நாலு கால்களும் சேர்ந்து சுற்ற, சிறகு படபடவென்று அடித்து, தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு யந்திரம் வெளியே போயே போய்விட்டது.

நான் குழந்தையோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே போய்க்கொண்டிருந்தார்கள். அவர் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். அவளிடம் சொல்லச் சொல்கிறார் என்று தெரிந்தது, என்னவென்றுதான் கேட்கவில்லை. நான் கையை விரித்தேன். யந்திரம் மின்கம்பியைப் பார்த்துச் சரிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"இடது பக்கம் சாய்ம்மா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அவர் குரல் வந்தது.

"சாய்ஞ்சுட்டேன்ப்பா."

கம்பிக்கு மேலே ஏறித் தப்பினார்கள். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எங்கள் மொட்டைமாடிப் பக்கமாகத் தாழ வந்தபோது, அவர் கழுத்தைத் திருப்பி அவளிடம் கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது.

"சாப்பிட்டியா?"

"இல்லப்பா. ரொம்பப் பசிக்குது."

இத்தனை நாளும் என்னிடம் சாப்பிட்டேன் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அழுதுவிட்டேன்.

என்னவென்று எழுதட்டும் என்று அதிகாரி கேட்டார். உங்கள் இஷ்டம்போல் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். இறங்கத் தெரியுமா அவர்களுக்கு என்று கேட்டார். அது எனக்கும் தெரியவில்லை. பின்னால் அறை காலியாகக் கிடந்தது. பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.