துறைக்கு ஒரு தலைவர் தேவை

தாவரவியல் துறைக்கு அவள் தலைவராகப் பொறுப்பேற்று மூன்று ஆண்டுகள் முடியவிருந்தன. டீன் கூப்பிட்டு, இன்னொரு தடவையும் தொடரச் சொன்னார். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று வெளியே வந்தவளுக்கு மாடிப்படி இறங்கக் கால் வரவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். மேலே ஏறி வந்த மாணவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அவள் விரிவுரையாளராகச் சேர்ந்த காலத்தில் அந்தப் பதவியின் தோரணையே வேறு. தலைவரின் அறைக்குள் போக வேண்டுமென்றால் வாசலில் நின்று தொண்டையைச் செருமி அனுமதி வாங்க வேண்டும். யாருக்கு எந்தப் பாடம், யாரை வேலைக்கு எடுப்பது, ஆய்வகத்துக்கு என்ன வாங்குவது, எல்லாவற்றிலும் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் ஓய்வு பெறுவதற்கு முன்பே இரண்டு பேராசிரியர்கள் அந்த நாற்காலிக்காக முட்டி மோதிக்கொண்டு, கடைசிவரை முகம் கொடுத்துப் பேசாமலே இருந்தார்கள். ஒருவர் லிஃப்டில் ஏறினால் மற்றவர் மூச்சு வாங்கப் படியேறுவார். நல்லதோ கெட்டதோ, ஒரு முடிவு வந்தால் அதை எடுத்தவர் யார் என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். திட்டுவதற்கு ஒரு முகம் இருந்தது.

அவள் கைக்கு வந்தபோது நாற்காலி மட்டும்தான் மிச்சம். முடிவுகள் எல்லாம் நிர்வாகம் இருக்கும் மேல்மாடிக்குக் குடிபோயிருந்தன. காலையில் கணினியைத் திறந்தால் துறையின் நிலவரம் சிவப்பிலும் மஞ்சளிலும் கண் சிமிட்டும். வருகை ஏன் குறைந்தது, மாணவர் திருப்தி ஏன் இறங்கியது என்று அங்கிருந்து கேள்விகள் வரும். மாணவர்களின் அப்பா அம்மாக்கள் அவளுடைய கைபேசிக்கே கூப்பிடுவார்கள். ஆய்வகக் குளிர்பெட்டி நின்றுபோனால் அவள். இரண்டு உதவிப் பேராசிரியர்கள் முறைத்துக்கொண்டால் அவள். மேலே எதையாவது வெட்டினால், அதைத் தன் சொந்த யோசனைபோலத் துறையில் விளக்குவதும் அவள். துறையில் அவளை மேல்மாடியின் ஆள் என்றார்கள். மேல்மாடியிலோ, "உங்க ஆளுங்களக் கொஞ்சம் பாத்துக்கோங்க மேடம்" என்றார்கள்.

ஆற்றங்கரைச் சேற்றில் புதைந்து கிடக்கும் பழைய மகரந்தத் துகள்கள்தான் அவளுடைய ஆராய்ச்சி. நுண்ணோக்கியின் உறையைக் கடைசியாக எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

"வேணாம்னு சொல்லிடு. அதுக்கென்ன இவ்வளவு யோசனை?" என்றார் கணவர். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதற்கும் ஒரு விடை இருக்கும் என்று நம்புகிறவர்.

"யார்கிட்டங்க குடுக்கறது?"

"அது உன் கவலையா?"

அது அவள் கவலை இல்லைதான். ஆனாலும் அவளால் அப்படி விட முடியவில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் முந்தின வாரம் போனில் சொல்லியிருந்தாள்: "அம்மா, நான் காய்ச்சல்னு சொல்றேன். நீ 'கவனத்துல எடுத்துக்கறேன்'னு சொல்ற. நான் உன் ஸ்டாஃப் இல்லம்மா." இருவரும் சிரித்தார்கள். போனை வைத்த பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. துறையில் ஒரு தற்காலிக விரிவுரையாளர் இருந்தாள். கைக்குழந்தைக்காரி. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அவள் வகுப்பு என்றால் உயிர். அவளுடைய பணியை நீட்டிக்கப் போவதில்லை என்று மேலிருந்து தகவல் வந்தது. சொல்லவேண்டியவள் இவள். அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, சுற்றி வளைத்து ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

அந்தப் பெண் அழவில்லை. "என்னை நிறுத்த வேணாம்னு சொன்னீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

"நான் எழுதிப் பார்த்தேன்ம்மா."

"எழுதினீங்க. வேணாம்னு சொன்னீங்களா?"

அவள் எழுதியது 'மறுபரிசீலனை செய்ய வாய்ப்பிருக்குமா' என்று. பதில் வராதபோது அத்தோடு விட்டிருந்தாள். அந்தப் பெண் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து அவள் தலைவர் பதவிக்கு ஆள் தேடத் தொடங்கினாள். மூத்த பேராசிரியர் தம் இடுப்பு வலியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். செடி நோய்கள் பாடம் நடத்துகிறவர், பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் அலைச்சல் ஜாஸ்தி என்றும் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் பதினோராம் வகுப்பு. இன்னொருவர் கும்பிடே போட்டுவிட்டார். "மேடம், நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினேன்?"

கடைசியில் அவளைத் தேடித் தானாகவே ஒருவர் வந்தார். துறையில் அவருக்கு ஆட்சேபணை என்று பெயர். எந்தக் கூட்டமானாலும் தேநீர் வருவதற்குள் கையைத் தூக்கி, "எனக்கு ஒரு ஆட்சேபணை இருக்கு" என்று தொடங்கிவிடுவார். அவள் நடத்திய கூட்டங்களில் பாதி அவரால் நீண்டவை. அவள்மீதே இரண்டு முறை புகார் எழுதியிருக்கிறார்.

"நான் எடுத்துக்கறேன்" என்றார்.

"எதை?"

"தலைவர் வேலைய. யாரும் வேணாங்கறாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"சார், இது நீங்க நினைக்கற மாதிரி இல்ல. அதிகாரம்னு ஒண்ணும் கிடையாது. வெறும் தலைவலி."

"தெரியும். எனக்கு வீட்ல யாருமில்ல, போய் என்ன பண்ணப்போறேன்? சண்டை போடறதுதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை. அத உங்ககிட்ட போட்டு வீணடிச்சுட்டேன்."

அவர் மன்னிப்புக் கேட்கிறாரா குத்திக்காட்டுகிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது.

செய்தி பரவியதும் சகாக்கள் ஒவ்வொருவராக அவள் அறைக்கு வந்தார்கள். தம்மைத் தவிர வேறு யார் வந்தாலும் சரி, ஆனால் அவர் மட்டும் வேண்டாம் என்றார்கள். டீனுக்கும் வியர்த்துவிட்டது.

"அவரா? சரிப்படாது மேடம். நீங்களே இருங்க. உங்ககிட்ட ஒரு நல்ல விஷயம் என்னன்னா, எதுக்குமே முரண்டு பிடிக்க மாட்டீங்க. சொன்னா புரிஞ்சுக்குவீங்க. உங்கள வச்சு எங்களுக்கு ஒரு நாளும் தொந்தரவு வந்ததில்ல."

அவர் மனசாரப் பாராட்டினார். அவளுக்கு முகம் சூடேறியது. மூன்று ஆண்டுகளாக அவள் பொறுமை என்று நினைத்திருந்ததை, இந்த அறையில் சம்மதம் என்று கணக்கில் எழுதியிருக்கிறார்கள்.

"அவர்தான் சார் சரியா வருவார்" என்றாள். அதற்கு மேல் டீன் என்ன சொல்லியும் அவள் வாயைத் திறக்கவில்லை.

ஆட்சேபணை பதவியேற்றார். முதல் மாதமே பாடத்திட்டத்தில் ஒரு தாளை நீக்கச் சொல்லி உத்தரவு வந்தது. 'இது துறையின் முடிவல்ல. முடிவெடுத்தவர்களே வந்து மாணவர்களிடம் விளக்கவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். மேல்மாடியில் ஆடிப்போனார்கள். தற்காலிக விரிவுரையாளருக்காக நான்கு தடவை ஏறி இறங்கி, கத்தி, ஒரு பருவத்துக்கு மட்டும் நீட்டிப்பு வாங்கினார். அந்தப் பெண் திரும்ப வந்தாள். முன்னாள் தலைவியைத் தாழ்வாரத்தில் கண்டால் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு நடையை எட்டிப் போட்டாள்.

எல்லாம் நல்லபடியாகவும் போகவில்லை. துறை கேட்டிருந்த புது நுண்ணோக்கிகள் மேலே எங்கோ படுத்துத் தூங்கின. கருத்தரங்குக்கு அனுமதி கிடைக்கவில்லை. "மேடம் இருந்தப்ப இதெல்லாம் தானா நடந்துச்சு" என்று சிலர் அவள் காதுபடவே பேசினார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம் வந்தது. வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

அவள் தன் மகரந்தத் துகள்களிடம் திரும்பியிருந்தாள். முன்பெல்லாம் ஒரே பார்வையில் இனம் சொல்லிவிடுவாள். இப்போது ஒவ்வொன்றுக்கும் படத்தோடு ஒப்பிட வேண்டியிருந்தது. கண் சீக்கிரம் வலித்தது. சில மத்தியான வேளைகளில் நுண்ணோக்கிப் பக்கத்திலேயே மேசைமேல் தலை வைத்துத் தூங்கிப்போனாள்.

அப்படித் தூங்கி எழுந்த ஒரு மத்தியானம் ஆட்சேபணை வாசலில் நின்றுகொண்டிருந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. இளைத்திருந்தார்.

"எழுப்ப மனசில்ல" என்றார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். "எப்படி மேடம் மூணு வருஷம் தாக்குப் பிடிச்சீங்க? எனக்கு ரத்த அழுத்தம் ஏறிப்போச்சு. டாக்டர் கத்தக்கூடாதுங்கறார். கத்தாம எனக்கு இந்த வேலையப் பார்க்கத் தெரியல."

"நான் தாக்குப் பிடிக்கல சார். விட்டுக்குடுத்தேன்."

அவர் மறுக்கவில்லை. விஷயத்துக்கு வந்தார். முதலாண்டு ஆய்வக வகுப்புகளை விலங்கியல் துறையோடு சேர்த்து, நேரத்தைப் பாதியாகக் குறைக்கப் போகிறார்களாம். இன்று டீனோடு பேச்சு. "நான் வாயத் திறந்தா, இவன் எப்பவும் இப்படித்தான்னு ஒதுக்கிடுவாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க. வர்றீங்களா?"

அவளுக்குப் போக விருப்பமில்லை. "இருங்க, முகம் கழுவிட்டு வர்றேன்" என்றாள்.

டீன் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். திட்டத்தை விளக்கிவிட்டு, வழக்கம்போல அவளிடமே திரும்பினார். "மேடத்துக்குப் புரியும்."

"புரியுது சார். ஆனா முடியாது" என்றாள். குரல் உயரவில்லை. "செடிய அறுத்துப் பார்க்காம ஒரு பிள்ளை இங்கேர்ந்து தாவரவியல் பட்டம் வாங்கிட்டுப் போகக்கூடாது. நீங்க இத செஞ்சா, நான் அந்தப் பாடத்த நடத்த மாட்டேன். காரணம் கேக்கற பெத்தவங்க கிட்ட உங்க நம்பரக் குடுப்பேன்."

டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்களுமா மேடம்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, அவரும் களைத்திருந்தார். அவருக்கும் மேலே ஒரு மாடி இருந்தது. "சரி, கொஞ்சம் தள்ளி வைக்கறேன். எவ்வளவு நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது."

இருவரும் வெளியே வந்து படியிறங்கினார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. வகுப்பு விட்ட பிள்ளைகள் கூச்சலும் சிரிப்புமாக அவர்களைக் கடந்து ஓடினார்கள். எதிர்மரத்தடி பெஞ்சில் அவர் தொப்பென்று உட்கார்ந்தார். அவளும் ஓரமாக உட்கார்ந்தாள்.

"அடுத்த மாசம் திரும்பவும் வருவாங்க" என்றார்.

"வருவாங்க."

"அன்னிக்கும் வருவீங்களா?"

"எனக்குக் காலையில ஆய்வகம் இருக்கும். மத்தியானமா வைக்கச் சொல்லுங்க" என்றாள் அவள்.