மாதம்மாள் காலுக்கு ஒரு நம்பர்

எங்கள் எஸ்டேட் ரைட்டர் ஐயாக்கண்ணுவுக்குப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் சோறு இறங்காது. எதையாவது எழுதி நிரப்பிவிடுவார். அந்தக் குணத்தால் தொண்ணூற்றிரண்டில் மாதம்மாளின் குடித்தனமே ஆட்டம் கண்டது.

மாதம்மாள் காப்பிப் பழம் பறிப்பவள். மழையில் வழுக்கி விழுந்ததிலிருந்து இடுப்பில் வலி, இடது பாதம் மரத்துப்போயிருந்தது. சேலத்து நரம்பு டாக்டர் ஒரு பரிசோதனை செய்துவிட்டு ஆபரேஷன் வேண்டும் என்றார். எஸ்டேட்டுகள் சேர்ந்து நடத்தும் மருத்துவ நிதிதான் செலவைக் கொடுக்கும். பரிசோதனை பில் பாஸானால்தான் ஆபரேஷனுக்கு அனுமதி. கால் தேறாவிட்டால் சீசனுக்கு அவளால் சரிவில் நிற்க முடியாது, வேலைக்கு வராதவர்களுக்கு எஸ்டேட் கொடுக்கும் லைன் வீடும் கிடையாது.

நிதியின் புத்தகத்தில் ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ஒரு நம்பர் உண்டு, அதைப் படிவத்தில் எழுத வேண்டும். பில்லில் இருந்த 'எச் ரிஃப்ளெக்ஸ்' என்ற பரிசோதனை மட்டும் அதில் இல்லை. டாக்டரைக் கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று ரைட்டர் மாதம்மாளைக் கேட்டார்.

"முட்டிக்குப் பின்னால கரண்டு வெச்சாங்க. நொம்ப சுருக்குன்னுச்சுங்க" என்றாள் அவள்.

கரண்டுக்குப் புத்தகத்தில் ஒரே நம்பர்தான்: மின்சாரம் தாக்கிய விபத்து. ரைட்டர் அதையே போட்டு, முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். டைப்பிஸ்டான நான் அன்று லீவு. இருந்திருந்தாலும் அவர் யார் பேச்சைக் கேட்கிற ஆள்?

விபத்து என்றதும் நிதியிலிருந்து ஆபீசர் முகமது யூசுப் ஒரு எலக்ட்ரீசியனோடு மலையேறி வந்தார். லைன் வீடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆபீசுக்குத் திரும்பினார்.

"ஏனுங்க ரைட்டரே, லைன் வீட்டுப் பக்கம் ஒரு கரண்டுக் கம்பங்கூட இல்லையே. எந்தக் கரண்டுங்க அந்தம்மாவ அடிச்சுது?"

ரைட்டர் புத்தகத்தைத் திறந்து அந்த நம்பரைக் காட்டினார்.

"பொய் பில்லுங்க இது. தள்ளுபடி பண்ணிர்றேன்."

வாசலில் நின்ற மாதம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு ஆம்பளைகளையும் ஒரு வார்த்தை கேட்காமல் சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ரிசீவரை ஆபீசர் கையில் திணித்தேன்.

அந்தப் பக்கம் நர்ஸ் பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆபீசர் முகம் மெல்ல இளகியது. போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"குதிகாலுக்கு மேல நரம்புல தட்டுனா பாதம் தன்னால துள்ளுமாங்க. துள்ளலைன்னா இடுப்புல நரம்பு அமுங்கியிருக்குதுன்னு அர்த்தமாம். அதையேதான் கரண்டு வெச்சு அளந்து பாக்கறாங்களாம்." கொஞ்சம் யோசித்தார். "தன்னாலயே துள்ளுமாங்க?"

அவருக்கே ஆசை வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நாற்காலியில் முட்டி போட்டார். ரைட்டர் மேஜையிலிருந்த ரூல் தடியை எடுத்தார். அவ்வளவு நேரம் திட்டு வாங்கிய மனுஷன் அல்லவா, கொஞ்சம் தாராளமாகவே தட்டினார். ஆபீசரின் பாதம் துள்ளி, பின்னால் நின்ற எலக்ட்ரீசியன் கையிலிருந்த டீயைத் தட்டிவிட்டது. எல்லோரும் சிரித்தோம், மாதம்மாளும்தான்.

அடுத்து அவளை ஏறச் சொன்னார்கள். இந்த முறை தடி ஆபீசர் கையில் இருந்தது. வலது குதிகாலுக்கு மேலே தட்டினார், பாதம் துள்ளியது. இடதில் தட்டினார். அசையவில்லை. மறுபடி தட்டினார். அப்போதும் அது யாருடைய காலோ போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

யாரும் பேசவில்லை. ஆபீசர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தன் கையாலேயே பரிசோதனையின் பெயரை எழுதி, அதற்கு ஒரு புது நம்பரும் போட்டார். பில்லில் அந்த நம்பரை எழுதிக் கையெழுத்திட்டார்.

மாதம்மாளுக்கு அந்த அமைதி வேறு மாதிரி பட்டுவிட்டது. நாற்காலியிலிருந்து இறங்காமலே கேட்டாள்:

"நான் பெயிலுங்களா? ஊட்டக் காலி பண்ணோணுங்களா?"

"இல்லீங்கம்மா. கால் துள்ளாததாலதான் உங்களுக்கு ஆபரேசனே. ஊடு எங்கயும் போவாதுங்க."

அவள் தன் பாதத்தைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கையை நீட்டி, ஆபீசரிடமிருந்து ரூல் தடியை வாங்கி என்னிடம் கொடுத்தாள்.

"இதை உள்ள வெச்சுருங்க கண்ணு. இன்னொருக்கா தட்டிப் பாக்கப் போயி, துள்ளித் தொலைச்சிரப் போவுது."