கை விட்டால்தான் டிரம் வரும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் வாத்தியார். காரில் அவருடைய இடம் இடப்பக்கத்து இருக்கை. ஓட்டுகிறவர் கொஞ்சம் தடுமாறினால் போதும், வாத்தியாரின் வலதுகை தானாகப் போய் ஹேண்ட்பிரேக்கைத் தூக்கிவிடும். வீட்டில் யாராவது தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டால்கூட அந்தக் கை நாற்காலியோரம் காற்றைப் பிடித்து இழுக்கும். அவர் மனைவி, தையல்காரி, விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மழை தொடங்கிய சமயத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. காலும் இழுத்து இழுத்தாவது நடந்தது. அந்தக் கை மட்டும், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பை மாதிரி மடியிலேயே கிடந்தது. பிடித்துப் பழகச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். "பந்து விளையாட நான் என்ன பச்சப்புள்ளையா?" என்று அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார்.

வாசலில் நிற்கிற காரைப் பார்க்கும்போதெல்லாம் மனிதருக்கு முகம் சுண்டிப்போகும். அதைக் காணப் பொறுக்காமல் ஒருநாள் அவள்தான் கேட்டாள்: "வித்துடலாமாங்க?"

"வித்துடு," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

வாங்குகிறவர் மறுநாள் காலை வருவதாகச் சொன்னார். கார்தான் அசையமாட்டேன் என்றது. ஹேண்ட்பிரேக் போட்டபடியே மழை முழுக்க நின்றதில், பின்சக்கர டிரம் இரண்டும் உள்ளேயிருந்து அவற்றைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் ஷூவோடு சேர்ந்து துருப்பிடித்துக் கவ்விக்கொண்டன.

தையல்காரியின் தம்பி மெக்கானிக். மத்தியானம் ஜாக்கியும் சுத்தியலுமாக வந்தான். அதற்குள் வாத்தியார் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"மாமா, இறங்குங்க. வண்டியத் தூக்கணும்."

"தூக்கு மாப்ள. கடைசியா ஒருவாட்டி உக்காந்துக்கறேன்."

"உங்க கனத்தையும் சேத்தா?"

"உங்கக்கா சமையல்ல என்ன பெரிசா கனம் ஏறிடப்போகுது?"

"எனக்குக் காது நல்லாவே கேக்குது," என்றாள் அவள், முன்சக்கரத்துக்கு முட்டுக்கல் வைத்தபடி.

தம்பி தலையில் அடித்துக்கொண்டு, ஹேண்ட்பிரேக்கை முழுக்க இறக்கிவிட்டு, பின்பக்கத்தைத் தூக்கி, அடியில் உறுதியான தாங்கிகளை நிறுத்தினான். சக்கரங்களைக் கழற்றி, டிரம்மின் நடுவில் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டான். பிறகு டிரம்மை வெளியே தள்ள, அதில் இருக்கிற இரண்டு துளைகளிலும் போல்ட்டை வைத்து, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்கினான். விளிம்பில் சுற்றிச் சுற்றித் தட்டினான். துரு பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டு பக்கமும் டிரம் கையில் லேசாகச் சுழன்றது.

"வந்துடுச்சுக்கா! இன்னும் ஒரே அடி."

ஓங்கி அடித்தான். சுழன்ற டிரம் மறுபடி கல்லாக இறுகிவிட்டது.

"என்னடா இது?"

"அந்தப் பக்கம் பாக்கறேன்." அங்கே போனால், அதுவும் இறுகியிருந்தது. "ரெண்டும் பேசி வச்ச மாதிரி பண்ணுதே. பின்னாடி எதுவும் கெடலையே அக்கா!"

அவளுக்குச் சுருக்கென்றது. பின்னால் கெடவில்லையென்றால்? எழுந்து, சத்தம் காட்டாமல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

வாத்தியார் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹேண்ட்பிரேக் மேலே நின்றது. அதைச் சுற்றி நான்கு விரல்கள். அந்தக் கைதான்.

தம்பியிடம் வந்து காதோடு சொன்னாள்: "இன்னொரு அடி அடிடா."

"இறுகிக் கெடக்கே, எதுக்கு?"

"சொன்னதைச் செய்."

அடித்தான். கார் அதிர்ந்தது. உள்ளே கட கடவென்று பிரேக் இன்னும் இரண்டு பல் ஏறியது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தம்பிக்குப் புரியவில்லை.

"ஏங்க, ஹேண்ட்பிரேக்கை எடுங்க."

"நான் எங்க போட்டேன்?" என்று குனிந்தார். தன் கையை, வெகுநாள் கழித்து வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

தம்பி இறக்கிவிட எட்டினான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அவரே எடுக்கட்டும்."

பாருங்கள், இழுத்தது பழக்கம். அது அவரைக் கேட்காமலே வந்துவிட்டது. விடுவது அப்படியில்லை. லேசாகத் தூக்கி, நுனியிலிருக்கிற பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தி, பிறகு இறக்கவேண்டும். முறைத்துப் பார்த்துக்கொண்டே அழுத்தினார். விரல் வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. நெற்றியெல்லாம் வியர்வை.

"வரலடி. விட்டுடு."

அவள் கார் ஓட்டக் கற்றதில்லை. ஆனால் தையல் மெஷினில் உட்கார்ந்தபடி, வாசலில் அவர் மாணவர்களிடம் கத்துவதை எத்தனையோ காலமாகக் கேட்டிருக்கிறாள். அதே குரலில் அதட்டினாள்:

"கையை ஏன் பாக்கறீங்க? கை அதுபாட்டுக்கு வேலையைப் பாக்கும். ரோட்டைப் பாருங்க!"

வாத்தியார் திடுக்கிட்டு நிமிர்ந்தார். தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டுச் சுவரில் ஒரு பூனை உடம்பை நக்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தார். டக் என்று ஒரு சத்தம். பிரேக் கீழே விழுந்தது.

பின்னால் தம்பி ஒரு தட்டுத் தட்டினான். டிரம் பழுப்புத் தூளோடு கழன்று அவன் மடியிலேயே வந்து விழுந்தது. "அம்மாடி!" என்று உட்கார்ந்துவிட்டான். இன்னொன்று அதைவிடச் சுலபமாக வந்தது.

உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னான்: "ஷூ தேஞ்சு போயிருக்குக்கா. வாங்கறவரே மாத்திக்கட்டும்னு விட்டுடவா?"

"புதுசா போடு. நல்லதாப் பாத்துப் போடு." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஆளுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கறேன்."

"என்னன்னு?"

காருக்குள்ளிருந்து கட கடவென்று கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, டக். மறுபடியும் கட கட.

"மாமா," என்று தம்பி கத்தினான், "நான் உள்ளே கையை வச்சிருக்கேன், கொஞ்சம் சும்மா இருங்களேன்!"