அரக்கு சுரண்டிய சனிக்கிழமை

தான் 1954 செப்டம்பரிலேயே இறந்துபோன விஷயம் ரத்தினபாய்க்குப் பதினேழு வருஷம் கழித்து, தாம்பரம் வீட்டுச் சமையலறையில், கையில் பிளேடோடு நின்றபோதுதான் தெரியவந்தது.

தபால் ஆபீஸ் குமாஸ்தாவான அவள் கணவர் அசரியா, சமையல் மேடையின் கடப்பாக்கல் மேல் பார்சலுக்கு முத்திரை வைக்கும் அரக்கைக் கறுப்பாக உருக்கி ஊற்றி, வார்னிஷும் அடித்திருந்தார். கல் தண்ணீர் குடிக்கக் கூடாதாம். வருஷக்கணக்கான அடுப்புச் சூட்டில் அது இளகிக் கரண்டியைப் பிடித்து இழுத்தது. ஒரு கரப்பான்பூச்சி அதில் ஒட்டி, மாதக்கணக்கில் குடும்பத்தில் ஒருவராகவே இருந்தது. மகள் பியூலாதான் மண்ணெண்ணெய் ஊற்றிச் சுரண்டலாம் என்றாள். அரக்கு தோல் தோலாக உரிந்தது. அடியில் எழுத்து வந்தது.

"அம்மா, உங்க பேரும்மா."

அசரியாவின் அன்பு மனைவி ரத்தினபாய். மறைவு, செப்டம்பர் 1954. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. கீழே, 'எதிர்த்துப் பேசாதவள்'.

ரத்தினபாய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்தச் செப்டம்பரில் வந்த டைபாய்டு ஜுரத்தில் ஒருநாள் முழுக்க அசரியாவைக் காணவில்லை. சாயங்காலம் வந்து, "கோயில்ல இருந்தேன்" என்றார். மறுநாள் ஜுரம் இறங்கியது. அன்றிலிருந்து சபையார் நன்றி சொல்லும் ஒவ்வொரு ஸ்தோத்திரப் பண்டிகையிலும் அவள் எழுந்து, கணவரின் முழங்கால் ஜெபம் தன்னைப் பிழைக்க வைத்ததாகச் சாட்சி சொல்லி வருகிறாள். போன வருஷம் பாதிரியாரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாளைக்கு மறுபடியும் பண்டிகை.

அசரியா கீரைப் பையோடு வந்தார். கல்லைப் பார்த்தார். பையை மெதுவாக அவள் பேர் மேலேயே வைத்தார்.

"டாக்டர் கைய விரிச்சிட்டார் ரத்தினம்."

"அதனால?"

"கல்லறைக் கல்லு வெட்றவன் மூணு வாரமாகும்னான். முன்கூட்டியே சொல்லி வச்சாதானே..."

"அப்ப கோயிலுக்குப் போகல."

"கோயில் வழியாத்தான் போனேன்."

கல் வந்து இறங்கிய அன்று அவள் எழுந்து ரசம் வைத்துக்கொண்டிருந்தாளாம். வேறு யாருக்கும் விற்க முடியாத கல். அவள் கண்ணில் படுமுன் அரக்கை ஊற்றி, உடனே மேடை கட்டிவிட்டார். நின்றபடி சமைக்கிறேன் என்று அவளும் தெரு முழுக்கப் பெருமையடித்திருந்தாள்.

"எழுத்தக் கீழ்ப்பக்கமா வச்சிருக்கலாம்ல அப்பா?"

"அந்தப் பக்கம் கரடுமுரடும்மா. பாத்திரம் ஆடும்."

ரத்தினபாய் நிமிர்ந்தாள். "கல்லுக்குச் சொல்லும்போது அழுதீங்களா?"

அசரியா பொய் சொல்லத் தெரியாதவர்போல நேர்மையாக யோசித்தார்.

"அளவு சொல்லிக்கிட்டிருந்தேன்."

அவள் எழுந்து பையைக் கல்லிலிருந்து நகர்த்தினாள். சமைத்தாள், பரிமாறினாள். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார், "சாட்சி சொல்றவங்க சொல்லலாம்" என்றார். வழக்கம்போல எல்லாத் தலையும் பெண்கள் பக்கம் திரும்பியது. ரத்தினபாய் எழுந்தாள். முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, தொண்டையைச் செருமினாள்.

ஆண்கள் பக்கத்தில் அசரியா பாட்டுப் புத்தகத்தை வேகவேகமாகப் புரட்ட ஆரம்பித்தார். யாரும் இன்னும் பாட்டு எண் சொல்லியிருக்கவில்லை.