தடவுவது வேறு, ஊற்றுவது வேறு

சாமுண்டீஸ்வரியின் வீட்டு அடுப்பில் கடைசியாக எண்ணெய்ச்சட்டி ஏறி நாற்பத்து மூன்று நாளாகிவிட்டது. புருஷன் கதிர்வேல் இறந்த வீடு. கருமாதி முடிந்ததும் பிறந்த வீட்டார் வந்து எண்ணெய்ச்சட்டி வைத்து வடை சுட்டுக் கொடுத்தால்தான் துக்கம் கழிந்ததாகக் கணக்கு. அதுவரை குழம்புக்குத் தாளிப்புகூடக் கிடையாது. மகள் இளமதி இட்லிப் பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தொட்டுக்கொண்டாள்.

ஆனால் வேலைக்குப் போனால் நாள் முழுக்க எண்ணெய்ப் புகைதான். திருப்புலிவனம் சாலையில் மோகன்குமார் ஒரு கொட்டகை போட்டிருந்தார். காயலான் கடைகளில் கிடக்கும் பழைய வார்ப்பிரும்புச் சட்டி, தோசைக்கல், பணியாரக்கல் எல்லாம் அங்கே வந்து இறங்கும். புளித்தண்ணீரில் ஊறவைத்துக் கம்பி பிரஷ்ஷால் துரு எடுப்பது மார்த்தாள். அதன்பின் பழக்குவது சாமுண்டீஸ்வரி. சட்டியைக் காயவைத்து, துணியில் நல்லெண்ணெய் தொட்டு, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத் தடவி, புகை அடங்கும்வரை அடுப்பில் வைக்க வேண்டும். ஆறவைத்து மறுபடியும் தடவ வேண்டும். ஆறேழு தடவை அப்படிச் செய்தால் இரும்பு கருகருவென்று மின்னும்.

கருமாதி முடிந்த மறுநாள் அவள் வேலைக்கு வந்தபோது மார்த்தாள் கேட்டாள். "ஏன்டி, உங்க வூட்ல எண்ணெ சட்டி இன்னும் வெக்கலியே. இங்க மட்டும் தொடலாமா?"

"தடவுறது வேற, ஊத்துறது வேறக்கா."

அந்த ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் ஓட்டினாள்.

காவாந்தண்டலத்திலிருந்து அண்ணன் தேவராஜன் வரவில்லை. காரணம் கண்ணீர் அஞ்சலி பேனர். கதிர்வேல் கிடத்தப்பட்டிருந்த அன்று, பேனருக்குப் பெயர்கள் சொல்லச் சொல்லி யாரோ போனை நீட்டினார்கள். பங்காளிகள், மருமக்கள், நண்பர்கள் என்று வரிசையாகச் சொன்னாள். கூடப் பிறந்தவன் பெயரை விட்டுவிட்டாள். தேவராஜன் தெருமுனையில் நின்று பேனரை இரண்டு தடவை படித்தான். சுடுகாட்டுக்குப் போய்விட்டு, வீட்டுக்குள் வராமலே பஸ் ஏறிவிட்டான். கருமாதிக்கும் தலைகாட்டவில்லை.

அந்த நாற்பத்து மூன்றாம் நாள் சென்னையிலிருந்து ஹேமாவதி என்கிற அம்மா கொட்டகைக்கு வந்தார். வீட்டில் அலமாரி அலமாரியாக அறுபது பழைய சட்டி வைத்திருப்பவர். இரண்டு காது வைத்த, அடியில் மீன் முத்திரை வார்த்த ஒரு பெரிய வடைச்சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழகுக்கு மட்டும் வாங்க மாட்டேங்க. நம்ம வீட்ல இருக்கிற ஒவ்வொண்ணும் சமைக்கணும். வடை போட்டுக் காட்டுங்க, ஒட்டலைன்னா எடுத்துக்கறேன்." உளுந்து மாவைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"சாமுண்டிம்மா, நாலு போடு" என்றார் மோகன்குமார்.

"நான் போடறேன் சார்" என்று மார்த்தாள் எழுந்தாள்.

சாமுண்டீஸ்வரி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"இன்னா சாமுண்டி?" என்றான் தேவராஜன். பின்னால் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்பண்ணா வர்ற?"

"எதுக்கு?"

"எண்ணெ சட்டி வெக்க."

"பேனர்ல பேரு இல்லாதவன் வெச்சா ஒத்துக்குமா? உங்க வூட்டாளுங்கள கேட்டுக்கினியா?"

"அவங்க இல்லண்ணா. பேரு சொன்னது நான்தான். மறந்துட்டேன்."

டிராக்டர் சத்தம் நின்றது.

"பதினெட்டு பேரு ஞாபகம் வந்துகீது உனக்கு. பக்கத்து வூட்டு ஆல்வின் வரைக்கும் போட்டுக்கீற."

"ஆமாண்ணா."

"அப்பறம் நான் இன்னாத்துக்கு? நீயே வெச்சிக்கோ. இப்பல்லாம் யாரு இதப் பாக்கறாங்க."

போன் அடங்கியது. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்றாள். வரவில்லை. சாலையில் ஒரு செங்கல் லாரி போனது. அது கண்ணிலிருந்து மறைந்ததும் உள்ளே வந்தாள்.

"நவுரு மார்த்தாக்கா. நானே ஊத்தறேன்."

"இன்னாவாம்? வர்றாரா?"

"இல்ல."

மார்த்தாள் எண்ணெய்ப் பாத்திரத்தை விடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்ப நானாவது ஊத்தறேன்டி. ஞாயித்துக்கெழம ஜெபத்துக்குப் போறவ ஊத்தனா எண்ணெ காயாம போயிடுமா? கூடப் பொறந்தவன்னு என்ன நெனச்சிக்கோ. மீச ஒண்ணுதான் கொறச்சல்."

இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

"வாணாங்க்கா. அவன் என்னத்தான் வெக்கச் சொன்னான்."

பாத்திரத்தை வாங்கி ஊற்றினாள். எண்ணெய் காய்ந்ததும் மாவைத் தட்டி, நடுவில் விரலால் ஓட்டை போட்டு விட்டாள். வடைகள் அடியில் பிடிக்காமல் வழுக்கி மேலே வந்தன.

"ஒட்டவே இல்லையே! எத்தனை தடவை பழக்கினீங்க?" என்றார் ஹேமாவதி.

"ஏழு தடவம்மா."

சட்டி விலைபோனது. மோகன்குமார் ஆளுக்கொரு வடை கொடுத்தார். சாமுண்டீஸ்வரி கையில் வைத்திருந்தாள். சூடு மட்டும் தெரிந்தது. மார்த்தாள் தன் பங்கையும் அவளிடமே நீட்டி, "இளமதிக்குக் குடு" என்று சொல்லிவிட்டுத் துரு எடுக்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் பொட்டலத்தைப் பிரித்த இளமதி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"வடயா! எண்ணெ சட்டி வெச்சாச்சா? மாமா வந்தாரா?"

"வந்தாரு."

"எங்க?"

"கொட்டாயிக்குதான் வந்தாரு. அங்கயே வெச்சிட்டாரு."

"அப்ப ஏன் வூட்டுக்கு வரல? என்னப் பாக்காமயேவா போனாரு?"

"பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சாம்."

"என் மேலயும் கோவமா?"

"உன்ன கேட்டாரு. நல்லா படிக்கிறியான்னு கேட்டாரு."

இளமதி தலையாட்டிவிட்டு வடையைப் பிட்டாள். வாய் நிறைய மென்றுகொண்டே, "உப்பு கம்மிம்மா" என்றாள்.

சாமுண்டீஸ்வரி அடுப்பைப் பற்றவைத்தாள். கரண்டியில் எண்ணெய் விட்டுக் கடுகு போட்டாள். வெடித்து அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குழம்பில் கொட்டினாள்.