கதிரை மிஸ்

நார்வேயில் பிறந்து வளர்ந்த அபிஷனா, ஆசிரியர் பயிற்சியின் கடைசி ஆண்டில் வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் சில வாரங்கள் ஆங்கிலம் கற்பிக்க வேண்டியிருந்தது. கூடப் படித்தவர்கள் ஸ்பெயின், தான்சானியா என்று கிளம்ப, அவள் எண்ணூரை அடுத்த நெட்டுக்குப்பத்தைத் தேர்ந்தெடுத்தாள். அம்மா அப்பா யாழ்ப்பாணத்துக்காரர்கள், வீட்டில் பேசுவது தமிழ். ஆகவே மொழிச் சிக்கலே வராது என்று பேராசிரியரிடம் அடித்துச் சொல்லியிருந்தாள்.

முதல் நாள் பள்ளி வாசலிலேயே மூன்றாம் வகுப்பு ஆசிரியை டோரதி அவளைப் பிடித்துக்கொண்டார்.

"வாம்மா, காலைல சாப்ட்டியா?"

"ஓம்" என்றாள் அபிஷனா. அவள் வீட்டில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல்.

டோரதி ஒரு கணம் திகைத்தார். "நான் சர்ச்சுக்குப் போறவ. ஆனா நீ தாராளமா கும்புட்டுக்கோ" என்றார்.

வகுப்பில் வேறு மாதிரியான சங்கடம். ஆங்கிலத்தைத் தவிர எதுவும் பேசக்கூடாது என்பது பல்கலைக்கழகத்தின் விதி. உன் பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "ஐ ஆம் ஃபைன், தேங்க்யூ மிஸ்ஸ்ஸ்" என்று வகுப்பே ராகம் போட்டது. பந்தைக் காட்டி நிறம் கேட்டாள். அப்போதும் எல்லோரும் நலமாகத்தான் இருந்தார்கள். வீடு எங்கே, மழை வருமா, எதைக் கேட்டாலும் நலம்.

மூன்றாம் நாள் பொறுமை போய், விதியும் மறந்து, வீட்டுத் தமிழ் வெடித்தது.

"சத்தம் போடாதேங்கோ பிள்ளையள்! ஏன் என்ர கதிரையில ஏறி நிக்கிறீங்கள்?"

வகுப்பு அடங்கியது. நாற்காலி மேல் நின்றிருந்த நிதிஷ் சந்தேகமாகக் கேட்டான். "குதிரையா மிஸ்?" அவ்வளவுதான். குதித்து இறங்கி, கரும்பலகை வரைக்கும் குதிரை ஓட்டிக்காட்டினான். சிரிப்பு அடுத்த வகுப்புக்கும் பரவியது.

அபிஷனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் பெஞ்சு ஜெயஸ்ரீ அதைப் பார்த்துவிட்டாள்.

"கோச்சிக்காத மிஸ். நல்லாத்தான் கீது. உங்க வூட்ல பெஞ்சுக்கு இன்னா சொல்லுவீங்க?"

"இங்கிலீஷில கேளுங்கோ. அப்பத்தான் சொல்லுவன்." தட்டிக்கழிக்கத்தான் அப்படிச் சொன்னாள். ஆனால் ஜெயஸ்ரீ விடுகிற ஆளில்லை. பக்கத்திலிருந்த தலைகளோடு தலை சேர்த்து முணுமுணுத்துவிட்டு எழுந்தாள்.

"மிஸ்... யுவர் ஹவுஸ்... பெஞ்ச்... வாட்?"

"வாங்கு."

"வாங்கா? யார்கிட்ட மிஸ் வாங்கறது, உன்கிட்டயா?" என்று முதுகை ஒளித்துக்கொண்டான் நிதிஷ். இந்த முறை அபிஷனாவும் சிரித்துவிட்டாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ஆங்கிலத்தில் கேட்டால் யாழ்ப்பாணச் சொல் கிடைக்கும். அவளைக் கிண்டல் பண்ண வேண்டும் என்ற ஒரே ஆசையில் பிள்ளைகள் முழு வாக்கியமே கேட்கப் பழகிவிட்டார்கள். அவளுக்குக் 'கதிரை மிஸ்' என்ற பட்டமும் நிலைத்தது.

பிறகு நார்வேயிலிருந்து பேராசிரியர் பேரித் வகுப்பைப் பார்வையிட வந்தார். அபிஷனா ஒழுங்காகத் திட்டமிட்டு, நிறங்களை நடத்தினாள். பிள்ளைகளும் பாவம், கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஜெயஸ்ரீ கையைத் தூக்கி, நேராகப் பேராசிரியரையே ஆங்கிலத்தில் கேட்டாள்: உங்கள் வீட்டில் நாற்காலிக்கு என்ன சொல்வீர்கள்?

"ஸ்டூல்" என்றார் பேரித். நார்வே மொழியில் அப்படித்தான்.

நிதிஷ் எழுந்தேவிட்டான். "நோ மிஸ்! சேர், பேக் ஹேவ். ஸ்டூல், நோ பேக்!" அடுத்த அறைக்கு ஓடி, முக்காலி ஒன்றைத் தூக்கிவந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தான். ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டி, பேராசிரியரைச் சொல்லவைத்தான். அவர் இரண்டையும் சரியாகச் சொன்னதும், "வெரி குட் மிஸ்" என்றான்.

தன் படிப்பு இத்தோடு முடிந்தது என்றே அபிஷனா நினைத்தாள். வெளியே வந்ததும் பேரித், இது பாடத்திட்டத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"எந்தப் பக்கத்திலும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரிப்பதற்காகக் கற்றுக்கொண்டார்கள்."

"அப்படியென்றால் நிறங்களை விடு. சிரிக்கட்டும்" என்றார் பேரித்.

டோரதிக்கு அதுவே போதுமாக இருந்தது. "இனிமே கிளாஸ நீயே பாத்துக்கம்மா, எனக்கு ஆபீஸ் வேல தலைக்கு மேல கீது" என்று கழன்றுகொண்டார்.

அதன் பிறகு அந்த வகுப்பின் கூச்சல் தாங்காமல் தலைமையாசிரியர் பக்தவச்சலம் ஒருநாள் கண்டிக்க வந்தார். வாயைத் திறப்பதற்குள் ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. எல்லாமே அவருக்கான ஆங்கிலக் கேள்விகள். அவருக்கு உடனே ஏதோ அவசர வேலை நினைவுக்கு வந்துவிட்டது.