டெம்யான் பார்க்காத பிரேக்

போரில் இடது காலை முழங்காலுக்குக் கீழே பறிகொடுத்த டெம்யான், த்னிப்ரோ நகரத்து லிப்ட் பராமரிப்புக் கம்பெனி ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. பழகினானா என்றால், எங்கே! ஒரு திருகைக்கூடத் தொட விடவில்லை. முதலாளி யுஹிம் பெத்ரோவிச்சுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அவன் செயற்கைக் கால்தான். முன்னாள் வீரர்களுக்குத் தொழில் கற்றுத்தரும் கம்பெனி என்று பேர் வாங்கினால் மாநகராட்சி ஒப்பந்தம் தானாக வந்து விழும். ஆகவே விழா என்றால் டெம்யான், விளம்பரம் என்றால் டெம்யான். மற்ற நாளெல்லாம் மெக்கானிக் சவேலியின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும்.

ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். பயிற்சிச் சான்றிதழ் கைக்கு வந்தால் எங்கே வேண்டுமானாலும் மெக்கானிக்காகப் போகலாம். இல்லாவிட்டால் பழையபடி அக்கா வீட்டுச் சோபாதான். அந்தச் சான்றிதழை இன்று சாயங்காலம் விழா மேடையில் தருவதாக ஏற்பாடு.

காலையில் படம் எடுக்க, ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் இருந்த எந்திர அறைக்கு முதலாளியும் சவேலியும் அவனை அழைத்துப் போனார்கள். ராணுவச் சட்டை போட்டு நின்றவனை முதலாளி மேலும் கீழும் பார்த்தார்.

"பேண்ட்டக் கொஞ்சம் சுருட்டிக்க தம்பி. அந்தக் கால் தெரியணும்ல."

சுருட்டினான். வாயெல்லாம் கசந்தது.

படக்காரர் விளக்கைச் சரிசெய்த நேரத்தில் அவன் கண் மோட்டார் பக்கம் போனது. பட்டாளத்தில் கவச வண்டி ரிப்பேர் பார்த்தவன். பிரேக் கட்டை காகிதமாய்த் தேய்ந்திருந்தது. லிப்ட் நின்ற பிறகும் சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஆணியில் தொங்கிய பராமரிப்பு நோட்டைப் புரட்டினான். ஐந்து மாதமாக, மாதம் தவறாமல், 'பிரேக் சரி'. கீழே அவன் பெயர், கையெழுத்தோடு. இந்த அறைக்குள் அவன் இன்றைக்குத்தான் கால் வைக்கிறான்.

"என் பேர யாருண்ணே போட்டது?"

"மொதலாளி சொன்னாரு, நான் போட்டேன்," என்று சவேலி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கால் போனவன் கையெழுத்தை எவனும் சந்தேகப்பட மாட்டானாம். அடச் சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

முதலாளி சிரித்தபடியே அவன் தோளில் கை போட்டார். அடுத்த வாரம் புதுக் கட்டை வந்துவிடும், அதுவரை ஓடட்டும் என்றார். "வாயத் தெறக்காம இருந்தா நீ மெக்கானிக். தெறந்தா, நோட்டுல இருக்கறது உன் பேரு. பாத்துக்க."

அந்தக் கையை இரண்டு விரலால் எடுத்து அப்பால் விட்டான் டெம்யான். லிப்ட் காலியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மெயின் சுவிட்சை இறக்கினான்.

"சாயங்காலம் மேடைக்கு வேற எவன் காலையாவது பாத்துக்கங்க."

மாடிக்கு மாடி 'ஓடாது' என்று எழுதி ஒட்டிக்கொண்டே இறங்கினான். நான்காவது மாடியில், கடைப் பைகளோடு மூச்சிரைக்க ஏறி வந்த ஒரு பெண் அவனை அடையாளம் கண்டு நின்றாள்.

"லிப்டுக்குள்ள ஒட்டியிருக்கற படத்துல நீங்கதான தம்பி? பட்டாளத்துக்காரரு மாசாமாசம் பாக்குறாருன்னு போட்டிருக்கு. அத நம்பித்தான் எம் பொண்ணத் தனியா அனுப்புறேன்."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"நான் ஒரு நாளும் பாக்கலக்கா," என்றான். "பிரேக் தேஞ்சு போச்சு."

அவள் பைகளைப் படியில் வைத்தாள். இரண்டு படி ஏறி வந்து அவன் முகத்தில் துப்பினாள். துடைத்துக்கொள்ள அவனுக்குக் கை எழவில்லை.